மாலை ஆறு மணிக்கு எந்தப் பாட்டு? கொழும்பில் ஓர் ஆன்மிக இசை வானொலியை அமைப்பது பற்றி

கொழும்பில் காலை ஐந்தரைக்குத் தமிழ் வானொலியைத் திருப்பினால் பெரும்பாலும் ஏதோ ஒரு சாமி பாட்டு காதில் விழும். பிள்ளையார் வருவார், முருகன் வருவார், பிறகு ஒரு மாதா பாட்டு, நிலையத்தைப் பொறுத்து ஓர் இஸ்லாமிய கீதம். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். செய்தி, ராசிபலன், அப்புறம் கலகலவென்று இரண்டு அறிவிப்பாளர்கள். அதற்குப் பிறகு மறுநாள் விடியும்வரை அலைவரிசையில் கடவுளுக்கு இடமில்லை, பண்டிகை ஏதும் வந்தாலொழிய.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. விளம்பரம் தருகிறவர்கள் எந்த நேரத்துக்குக் காசு தருகிறார்களோ அந்த நேரத்துக்கு ஏற்ற பாட்டுத்தான் ஓடும். ஆனால் பக்தி காலையில் பல் துலக்கும் நேரத்தோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, புறக்கோட்டையில் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்துகிற முதலாளி, இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தாதி, இவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கக் கேட்கக்கூடிய ஓர் இசை வானொலியை நடத்த முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். பக்திப் பாடல்களைக் கணினியில் நிரப்பி வரிசையாக ஓடவிட்டால் மட்டும் அது வந்துவிடாது. எந்தப் பாட்டு என்பதைக் காட்டிலும் எந்த நேரத்தில், எதற்குப் பின்னால், எவ்வளவு இடைவெளி விட்டு என்பதில்தான் வேலை இருக்கிறது.

வானொலிக்காரர்கள் இதை ஃபோர்மட் என்பார்கள். யாருக்காக, எந்த வகை இசை, ஒரு மணித்தியாலத்தை எப்படிப் பங்கிடுவது, அறிவிப்பாளர் எவ்வளவு பேசலாம் என்ற தீர்மானங்கள் எல்லாம் சேர்ந்தது அது. ஒரு வட்டம் வரைந்து, மணித்தியாலத்தின் எந்த நிமிடத்தில் புதுப்பாட்டு, எந்த நிமிடத்தில் பழசு, விளம்பரம் எங்கே, ஜிங்கிள் எங்கே என்று குறிப்பார்கள். ஒரு பாட்டு எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பி வரலாம் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 1998இல் சூரியனும் சக்தியும் வந்ததிலிருந்து கொழும்பின் தனியார் தமிழ் எஃப்.எம். நிலையங்கள் பழகிவிட்ட முறை இது. சினிமாப் பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த முறை. மூன்றரை, நான்கு நிமிடப் பாட்டுகள், மணித்தியாலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு.

அமெரிக்காவில் இந்த முறைக்குள்ளேயே ஆன்மிக மனமுள்ள நேயர்களைப் பிடிக்கப் பல தடவை முயன்றிருக்கிறார்கள். அவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஸ்டீபன் ஹில் என்பவர் 1973இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள ஒரு சமூக வானொலியில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ என்ற இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். மெதுவான, தாளம் அதிகம் இல்லாத, தியானத்துக்கு ஏற்ற இசை. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பேச்சு. நடுவில் ஒரு துண்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி நீளமாக இழைத்து விடுவார். 1983இல் அது நாடு முழுக்கப் போகும் ஒரு மணித்தியால நிகழ்ச்சியானது. மற்றது லொஸ் ஏஞ்சல்ஸில் 1987 பெப்ரவரி 14ஆம் திகதி நடந்தது. ராக் இசைக்குப் பேர்போன ஒரு நிலையத்தை இழுத்து மூடிவிட்டு, அதே அலைவரிசையில் ‘தி வேவ்’ என்ற புதிய நிலையத்தைத் தொடங்கினார்கள். தியான மனநிலைக்கான ‘நியூ ஏஜ்’ இசையும் மென்மையான ஜாஸும் ஓடின. அறிவிப்பாளரே கிடையாது.

‘தி வேவ்’வுக்குப் பின்னால் நடந்தது நமக்குப் பாடம். நேயர்களிடம் பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது, எது எரிச்சல் தருகிறது என்று ஆய்வு செய்து செய்து, எரிச்சல் தருவதையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தார்கள். விசித்திரமானவை போயின. நீளமானவை போயின. மெல்லிய சாக்ஸஃபோனும் தெரிந்த குரல்களும் மிஞ்சின. அந்த ஃபோர்மட்டுக்கு ‘ஸ்மூத் ஜாஸ்’ என்று பெயர் வந்தது, காசும் வந்தது. ஆன்மிகம் எப்போது வெளியேறியது என்று யாருக்கும் தெரியாது. ஹில்லின் நிகழ்ச்சி அப்படி ஆகாததற்குக் காரணம் எளிது. அது இரவில் ஒரு மணித்தியாலம்தான். காலைப் பயண நேரத்து விளம்பரத்துக்கு அது போட்டி போடத் தேவை இருக்கவில்லை.

மூன்றாவது வகை, அங்குள்ள சமகாலக் கிறிஸ்தவ இசை நிலையங்கள். வியாபாரத்தில் வென்றவை இவைதான். ‘பெக்கி’ என்ற ஒரு கற்பனைத் தாயை முன்னால் வைத்துக்கொண்டு, அவள் பிள்ளைகளோடு காரில் போகும்போது எதைக் கேட்க விரும்புவாள் என்று பார்த்தே பாட்டுத் தெரிவு நடக்கும் என்பது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த பகிடி, பாதி உண்மையும்கூட. சில பெரிய வலைப்பின்னல்கள் விளம்பரம் எடுக்காமல் நேயர்களின் நன்கொடையிலேயே ஓடுகின்றன. ஆனால் பெக்கிக்கு ஒரே மதம். கொழும்பில் நம்முடைய பெக்கி யார்?

இங்கே வானொலி அந்தக் கேள்வியை மிக மரியாதையாகத் தவிர்த்து வந்திருக்கிறது. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கி, பிறகு ரேடியோ சிலோன் ஆகி, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன நீண்ட வரலாற்றில், மதம் பங்கீடு செய்யப்பட்ட ஒரு பொருள். சைவ நற்சிந்தனைக்கு ஒரு துண்டு, கிறிஸ்தவ நற்சிந்தனைக்கு ஒரு துண்டு, முஸ்லிம் சேவை தனியாக. நல்லூர்த் தேருக்கு நேரடி அஞ்சல், மடு ஆவணித் திருநாளுக்கு நேரடி அஞ்சல், ரமழானில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பாங்கு. யாருக்கும் மனக்குறை வராத ஏற்பாடு. பல்லின நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இன்னும் பெரிய விஷயம். ஆனால் இது சமூகங்களுக்காக அமைந்த ஏற்பாடு. நேயர் என்ற தனி மனிதர் அதில் இல்லை. தன் மதத்தின் பதினைந்து நிமிடம் முடிந்ததும் அவர் வானொலியை அணைத்துவிடுவார், அல்லது சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார்.

நிஜக் கொழும்போ இப்படித் துண்டு துண்டாக இல்லை. செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், வரிசையில் பாதிப் பேர் நெற்றியில் திருநீற்றோடு நிற்பார்கள். கொஞ்ச தூரத்தில் ராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயில். செட்டியார் தெருவில் ஆடிவேல் புறப்பட்டால் வேடிக்கை பார்க்க எல்லா மதத்தவரும் நிற்பார்கள். நாகூர் ஹனிபாவின் குரல் எந்தச் சைவ வீட்டிலும் அந்நியக் குரல் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் கலந்துவிடலாம் என்று சொல்லவும் மாட்டேன். எல்லா மதமும் ஒன்று என்று அறிவிப்பாளர் உருகி உருகிச் சொல்லும் நிகழ்ச்சிகளைக் கேட்டால் எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கும். தொழுகையைச் சரியாகக் கடைப்பிடிக்கிற ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு தெய்வத்தின் துதியைக் காதில் வாங்குவதே சங்கடமாக இருக்கலாம். சிலர் இசைக்கருவியையே ஏற்க மாட்டார்கள். சைவத்தில் ஊறிய ஒருவருக்குத் திருவாசகத்தின் நடுவே வேறு ஒன்று வந்தால் கோபம் வரும். இந்தச் சங்கடங்களை ஃபோர்மட் மதிக்க வேண்டும். எங்கே பிரித்து வைக்க வேண்டும், எங்கே அடுத்தடுத்து வைக்கலாம் என்பதற்கு ஒரு விதி வேண்டும்.

அந்த விதியை மதத்தில் தேடாமல் நேரத்தில் தேடலாம். பண்டைய தமிழிசைக்காரர்கள் ஏற்கெனவே தேடி வைத்திருக்கிறார்கள். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்தார்கள். புறநீர்மை பகலுக்கு உரியது, அது இன்றைய பூபாளம். மேகராகக்குறிஞ்சி இரவுக்கு உரியது, அது இன்றைய நீலாம்பரி. செவ்வழி எப்போதும் பாடலாம். மேற்கத்திய வானொலி நாளைக் காலைப் பயணம், நடுப்பகல், மாலைப் பயணம் என்று கூறுபோட்டது 20ஆம் நூற்றாண்டில். இங்கே ஓதுவார்கள் அதே வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். வித்தியாசம், அவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் கூறுபோட்டார்கள், வாகன நெரிசலைப் பார்த்து அல்ல.

ஆகவே நாளில் சில ஆணிகளை அறைந்துவிட வேண்டும். அந்த நிமிடங்களில் ஒவ்வொரு மதமும் தன் குரலில், கலப்பில்லாமல், முழுமையாக வரும். ஆணிகளுக்கு இடைப்பட்ட நீண்ட நேரத்தில் இசை மதத்தின் பெயரைச் சொல்லாமல் நேரத்தின் குணத்தைப் பின்பற்றும்.

மிகச் சிக்கலான ஆணி மாலை ஆறு மணி. வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம் அது. கோயில்களில் மாலைப் பூசை. கத்தோலிக்கருக்கு மூவேளை செபத்தின் மூன்றாவது வேளை, ஆறு மணி. முஸ்லிம்களுக்குச் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப். மூன்றும் ஒரே அரை மணித்தியாலத்துக்குள் முட்டிக்கொள்கின்றன. பங்கீட்டு முறையில் யோசிக்கிற தயாரிப்பாளர் இங்கே தலையில் கைவைப்பார். நான் இதை இந்த ஃபோர்மட்டின் பிரதான நேரமாகவே எடுப்பேன். ஏனென்றால் நகரத்தில் வேறெந்த அரை மணித்தியாலத்திலும் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கடவுளை நினைப்பதில்லை. காலி வீதியில் பஸ்ஸில் நெரிபடுகிறவர்களும் சேர்த்துத்தான்.

இந்த மூன்றில் இரண்டு சூரியனோடு நகரும், ஒன்று நகராது. கொழும்பில் நவம்பர் நடுப்பகுதியில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் ஆறரை ஆகும். ஆண்டுக்குள் சுமார் 40 நிமிட வித்தியாசம், மஃரிப் அதோடு சேர்ந்து நகரும். கத்தோலிக்கரின் மணி ஆறிலேயே நிற்கும். விளக்கு வைக்கிறவர்கள் கருக்கலைப் பார்த்து வைப்பார்கள். ஆக நிகழ்ச்சி வட்டத்தில் நிலையான நிமிடம் போட முடியாது. மஃரிப்பை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நவம்பரில் மஃரிப் முதலில் வந்து செபம் பின்னால் வரும். ஜூலையில் செபம் முதலில், நடுவில் அரை மணித்தியால நாதஸ்வரம், பிறகு மஃரிப். நிகழ்ச்சி அட்டவணை மென்பொருளுக்கு இது பழக்கமில்லாத வேலைதான், ஆனாலும் ஒவ்வொரு நாளுக்கும் வேறு வட்டம் கொடுத்தால் செய்யும்.

இணையத்தில் ஒலிபரப்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இணைய ஓடை நேரடி அலையைவிடப் பத்து விநாடி முதல் ஒரு நிமிடம்வரை பிந்தி வரும். நோன்பு திறக்கும் பாங்கு அரை நிமிடம் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை, பேரீச்சம்பழம் அரை நிமிடம் காத்திருக்கும். நோன்பு பிடிக்கிறவர்கள் விடியுமுன் சாப்பிடும் சஹர் முடியும் பாங்கு பிந்தினால் கதை வேறு. அதைக் கேட்டு வாயை மூடுகிறவர் நேரம் கடந்து சாப்பிட்டவர் ஆகிவிடுவார். ஆகவே சஹருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அறிவிப்பு வேண்டும்.

சரி, ஆணிகளுக்கு இடையில் எதைப் போடுவது? மூன்று மதத்தவரும் எழுந்து போகாமல் உட்காரக்கூடிய இசையை வரிசைப்படுத்திப் பார்த்தால் எதிர்பாராத ஒன்று முன்னால் வருகிறது: பக்கவாத்தியம் இல்லாத தனிக் குரல். ஓதுவார் தாளமில்லாமல் பாடும் விருத்தம். தவக்காலத்தில் வடக்கு, மன்னார்க் கத்தோலிக்கக் கிராமங்களில் கேட்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தின் இழுப்பு. கருவி இல்லாமல் பாடும் இஸ்லாமியப் புகழ்ப்பாடல்களான கஸீதா, நபி மீது சொல்லும் ஸலவாத். இவை மூன்றும் ஒன்றையொன்று அடுத்து வந்தால் காது முரண்டு பிடிக்காது. சொல் வேறு, கடவுள் வேறு. ஆனால் மூச்சு விடும் இடமும் குரல் ஏறி இறங்கும் விதமும் உறவுக்காரர்கள்போல இருக்கும். கருவியை ஏற்காத நேயரும் இங்கே வெளியே போக வேண்டியதில்லை.

அடுத்தது, உருவத்தைப் பாடாத பாட்டுகள். தாயுமானவர் பராபரத்தை விளித்துக் கண்ணிகள் பாடினார். பின்னால் வந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் அதே வடிவத்தில் பராபரக்கண்ணி பாடினார், றகுமான்கண்ணியும் பாடினார். ஒருவர் சைவர், ஒருவர் சூஃபி. இரண்டையும் அடுத்தடுத்து வைக்க எந்த விளக்கவுரையும் தேவையில்லை, அறிவிப்பாளர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். சித்தர் பாடல்களும் இந்தப் பக்கம்தான். இப்படிக் கடந்து போவது தமிழுக்குப் புதிதில்லை என்பதற்கு வானொலியிலேயே ஓர் உதாரணம் உண்டு. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ்ப்பணியை நடத்திய ஜெகத் கஸ்பர் அடிகளார்தான் பிறகு இளையராஜாவின் திருவாசகம் இசைப்படைப்பு 2005இல் வெளிவரக் காரணமாக நின்றார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் அந்த வானொலியைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

நாதஸ்வரம் தனியாகவே ஒரு பெரிய கிணறு. அளவெட்டி பத்மநாதன், தவிலில் தட்சிணாமூர்த்தி என்று நம்மிடம் பெயர்கள் இருக்கும்போது, எல்லாப் பதிவும் சென்னையிலிருந்து வர வேண்டிய அவசியமில்லை. சினிமாவில் வந்த பக்திப் பாடல்களை விலக்கிவிடலாமா என்று கேட்பார்கள். தூய்மைவாதிகள் விலக்கச் சொல்வார்கள். விலக்கினால் கேட்க ஆள் இருக்காது. மணித்தியாலத்துக்கு ஒன்று, இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். மேலே போனால் ‘தி வேவ்’ போன வழியில்தான் போவோம்.

திரும்பத் திரும்பப் போடுவது பற்றிய பழைய கணக்கும் இங்கே தலைகீழ். சினிமாப் பாட்டு ஐம்பது தடவை வந்தால் அலுக்கும் என்று வானொலி அஞ்சுகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமைக் கவசம் போன வாரம் வந்த அதே நிமிடத்தில், அதே குரலில் வரவில்லை என்றால்தான் நேயர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார். அந்தக் கவசமும் இருபது நிமிடம் ஓடும், மூன்றரை நிமிட வட்டத்தில் அது அடங்காது. வெட்டிப் போட்டால் அதைவிடப் பெரிய பாவம் வேறில்லை. ஆகவே மணித்தியாலத்தைப் பாட்டு எண்ணிக்கையால் அளக்கிற வழக்கத்தையே விட வேண்டும்.

இசைத் தெரிவைவிட அதிகமாக இந்த ஃபோர்மட்டைக் கெடுக்கக்கூடியது கலையகத்துக்கும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு பெட்டி. எஃப்.எம். நிலையங்கள் ஒலியை அமுக்கி உயர்த்தும் புரொசெஸர் ஒன்றை வைத்திருக்கும். மெல்லிய ஒலியைத் தூக்கும், பெரிய ஒலியை அழுத்தும், காரிலும் ஆட்டோவிலும் எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. சினிமாப் பாட்டுக்கு அது சரி. ஆலாபனையில் குரல் தணிந்து அடங்கும் இடத்தில் இந்தப் பெட்டி தம்புராவைப் பிடித்து மேலே தூக்கும், பாடகரின் மூச்சு புயல்போலக் கேட்கும். குரல் மீண்டும் எழுந்ததும் தம்புரா தடாலென்று விழும். கேட்கிறவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, பத்து நிமிடத்தில் களைத்துப் போய் அணைத்துவிடுவார். புரொசெஸரை மிகத் தளர்வாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அலைவரிசையைத் திருப்புகிறவர் காதில் பக்கத்து நிலையத்தைவிட நாம் மெல்லியதாக விழுவோம். அதைத் தாங்கிக்கொள்ள நிலைய உரிமையாளருக்கு மனம் வேண்டும்.

மௌனமும் அப்படித்தான். வழக்கமான நிலையத்தில் இரண்டு விநாடி சத்தம் இல்லாவிட்டால் பொறியியலாளர் ஓடிவருவார். ஒலி நின்றுவிட்டதா என்று பார்க்கும் கருவி குறித்த விநாடிக்கு மேல் அமைதி இருந்தால் தானாகவே மாற்று ஒலியை எடுத்து ஓடவிடும். பூசை மணிக்கும் அடுத்த பதிகத்துக்கும் நடுவே பத்து விநாடி அமைதி வைக்க ஆசைப்பட்டால் முதலில் அந்தக் கருவியின் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விருத்தத்தின் இடைவெளியில் யாரோ ஒருவர் தங்க நகைக் கடைக்குக் கூப்பிடுவார்.

அறிவிப்பாளர்கள் விஷயத்தில் நமக்குக் கவலை குறைவு. இலங்கை வானொலி வளர்த்த உச்சரிப்பு மரபு இன்னும் முழுதாகச் செத்துவிடவில்லை. குறைவாகப் பேசுங்கள், பாடகரின் பெயரையும் பாட்டின் பெயரையும் தெளிவாகச் சொல்லுங்கள், மெல்லிசைக் குரலில் குழைய வேண்டாம் என்று சொன்னால் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

உரிமம் வேறு தலைவலி. தனியார் ஒலிபரப்பு இன்னும் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ்தான் அனுமதி பெறுகிறது, அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. எஃப்.எம். பட்டையில் இடமும் நெருக்கடி. ஆகவே இணைய ஓடையில் தொடங்கி, பிறகு இருக்கிற நிலையம் ஒன்றின் மாலை நேரத்தை வாங்குவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. பதிப்புரிமையில் ஒரு மயக்கம் உண்டு. தேவாரம் யாருக்கும் சொந்தமில்லை, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலித்தட்டு சொந்தம். உள்ளூர் ஓதுவாரையும் பாடகர்குழாமையும் கஸீதாக் குழுவையும் கூப்பிட்டு நாமே பதிந்துகொண்டால் அந்தப் பிரச்சினையும் குறையும், சென்னையைச் சார்ந்திருப்பதும் குறையும்.

காசுக்கு வழி? நகைக் கடையும் காணி விற்பனையும் இந்த நேயர்களைத் தேடி வரும், ஆனால் அவர்களின் விளம்பரம் ஃபோர்மட்டின் கழுத்தைப் பிடிக்கும். தமிழ் வானொலிக்கு ஏற்கெனவே பழக்கமான, யாரும் பெருமையாகச் சொல்லாத வருமானம் ஒன்று இருக்கிறது: மரண அறிவித்தல், முப்பத்தொன்று, ஆண்டு நினைவு, திவசம். இந்த அலைவரிசையில் அவை இடைஞ்சல் ஆகாது. ஒரு குடும்பம் தன் தந்தையின் நினைவு நாளுக்காக அரை மணித்தியாலத் தேவாரத்துக்கு அனுசரணை தரலாம், தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி. பூசைக்கு உபயம் எடுக்கிற, திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கிற, கத்தம் ஓதுவிக்கிற மக்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் பணம் அனுப்புவார்கள், இணைய ஓடை இருந்தால் அவர்களே கேட்கவும் செய்வார்கள்.

பரீட்சித்துப் பார்ப்பதானால் மாசி மாதத்தைத் தெரிவு செய்வேன். 2026இல் மகா சிவராத்திரி பெப்ரவரி 15, திருநீற்றுப் புதன் 18, ரமழானும் அதே வாரத்தில். 2027இலும் ரமழானும் தவக்காலமும் பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ ஒன்றாகத் தொடங்குகின்றன, நோன்பு முடியுமுன் மார்ச் 6ஆம் திகதி சிவராத்திரி. நான்கு யாமமும் விழித்திருக்கிறவர்களும் சஹருக்கு எழும்புகிறவர்களும் ஒரே இரவில் வானொலியைத் திறக்கும் அந்த நாளுக்கு, மற்ற நாட்களில் கணினியிடம் விட்டுவிடுகிற நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்து மணிவரையான நேரத்துக்குக் கலையகத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும்.